வீங்கின கையை அழுத்தாதீங்க, நீவுங்க

1) மக்களே, வீட்டுல யாருக்காவது கை கால் வீங்கினா முதல்ல என்ன செய்வோம்? எண்ணெயைச் சூடு பண்ணி, கீழேயிருந்து மேலே நல்லா அழுத்தித் தேய்ப்போம். "தேங்கின நீர் ஏறட்டும்"னு ஒரு உருவு உருவுவோம். அது ஏன் தப்பா போகலாம், சரியான முறை எது, அதை நான் எப்படித் தாமதமா கத்துக்கிட்டேன்னு இந்த த்ரெட்ல சொல்றேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

2) நான் சேர்வராயன் மலையில வேலை பார்க்கிற அரசு மருத்துவர். எம்.பி.பி.எஸ். மட்டும்தான், ஸ்பெஷலிஸ்ட் இல்ல. ஏற்காடுன்னா உங்களுக்கு ஏரியும் சம்மர் பெஸ்டிவலும் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வர்றது ஓ.பி.-யில வரிசையா உட்கார்ந்திருக்கிற காப்பித் தோட்டத்து அம்மாக்கள். ஒருத்தங்க ஒரு நாள் ஓ.பி.-க்கு வந்தா, ஒரு நாள் கூலி போச்சுன்னு அர்த்தம்.

3) அப்படி வந்தவங்கதான் வெள்ளக்கடை அக்கா. ஐம்பதைத் தாண்டினவங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். ஆளை அடையாளம் காட்டுற விவரங்களை மாத்தியிருக்கேன்.

4) இடது மார்பில் புற்றுநோய். கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு, அக்குள் நெறிகளையும் எடுத்தாங்க, அப்புறம் கரண்ட் வைத்தியம் (ரேடியேஷனை ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க). எல்லாம் நல்லபடியா முடிஞ்சு ஒன்றரை வருஷம் கழிச்சு இடது கை வீங்க ஆரம்பிச்சது. முதல்ல வளையல் ஏறல. அப்புறம் ஜாக்கெட் கை ஏறல. அவங்க ஜாக்கெட்டோட இடது கைத் தையலைப் பிரிச்சு விட்டுக்கிட்டு என் முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க.

5) நான் செஞ்ச ஒரே நல்ல காரியத்தை முதல்ல சொல்லிடறேன். புற்றுநோய் சிகிச்சை முடிஞ்ச ஒருத்தருக்கு அந்தப் பக்கக் கை புதுசா வீங்கினா, நோய் திரும்ப வந்திருக்கா, ரத்தக்குழாயில கட்டி அடைச்சிருக்கான்னு கட்டாயம் பார்க்கணும். சேலத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். ரெண்டும் இல்ல.

6) அடுத்து செஞ்சது தப்பு. "நீர் கோத்திருக்கு"ன்னு நினைச்சு, நீர் பிரியற மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கூடவே சீட்டுல, "கனமான வேலை செய்யக் கூடாது"ன்னும் எழுதினேன். தோட்ட வேலையை நம்பி இருக்கிற ஒருத்தங்களுக்கு அந்த ஒரு வரி என்ன பண்ணும்னு யோசிக்கவே இல்ல.

7) மூணு வாரம் கழிச்சு வந்தாங்க. மாத்திரை போட்டதும் அடிக்கடி ஒண்ணுக்கு வந்திருக்கு. காப்பிக் காட்டுல ஒதுங்க இடம் ஏது? தலைசுத்தல் வேற. என் சீட்டைப் பார்த்த மேஸ்திரி, "உடம்பைப் பார்த்துக்கம்மா, வேலைக்கு வர வேணாம்"னு சொல்லிட்டாராம். கையை நீட்டிக் காட்டினாங்க. அப்படியேதான் இருந்தது.

"கை வத்தல டாக்டரம்மா. நான்தான் வத்திட்டேன்."

8) ஏன் வத்தல? நம்ம ரத்தக்குழாயில இருந்து தினமும் கொஞ்சம் திரவம் திசுக்களுக்குள்ள கசியும். அதுல சில லிட்டரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோறது நிணநீர்க் குழாய்கள். வெறும் தண்ணியை மட்டும் இல்ல, வெளியே வந்த புரதத்தையும் கிருமியையும் சேர்த்து அள்ளிக்கிட்டுப் போகும். வழியில இருக்கிற செக்போஸ்ட்தான் நெறிகள். அக்குள்ல, தொடையிடுக்குல, கழுத்துல கூட்டமா இருக்கும்.

9) அக்குள் நெறிகளை எடுத்து, மிச்சத்துக்கு ரேடியேஷனும் கொடுத்தா, அந்தக் கையோட வடிகால் குறைஞ்சு போகும். புரதம் நிறைஞ்ச திரவம் அங்கேயே தேங்கும். அந்தப் புரதம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். நீர் மாத்திரை ரத்தத்துல இருக்கிற தண்ணியைத்தான் சிறுநீரா வெளியேத்தும், தேங்கின புரதத்தைத் தொடவே தொடாது. இருதயம் பலவீனமாகி கால் வீங்கினா அந்த மாத்திரை உயிர் காக்கும். இந்த வீக்கத்துக்கு அது மருந்து இல்ல. இதோட பேர் நிணநீர் வீக்கம், லிம்பெடீமா.

10) இது அபூர்வமான விஷயமும் இல்ல. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை எடுத்தவங்கள்ல ஏறக்குறைய 5 பேர்ல ஒருத்தருக்குக் கை வீக்கம் வருதுன்னு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு கணக்கு சொல்லுது. அக்குள் நெறிகளை மொத்தமா எடுக்காம, முதல் ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துப் பார்க்கிற முறையில இது ரொம்பக் குறைவு. வெள்ளக்கடை அக்காகிட்ட "கை வீங்கலாம், இப்படிப் பார்த்துக்கோங்க"ன்னு ஒருத்தரும் சொல்லல. சொல்ல வேண்டியவங்க பட்டியல்ல நானும் இருக்கேன்.

11) இதுக்கு நடுவுல அவங்க சும்மா இருக்கல. சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட போய், சூடான எண்ணெய் போட்டு மணிக்கட்டுல இருந்து தோள் வரை உருவி விட்டிருக்காங்க. அப்புறம் சுடுதண்ணி ஒத்தடம். அன்னிக்கு ராத்திரி கை இன்னும் கனமாயிடுச்சு. அவரைக் குறை சொல்லாதீங்க. சுளுக்குக்குத் தெரிஞ்ச வைத்தியத்தை அவர் வீக்கத்துக்குப் பண்ணினார். இருதயத்துக்குத் தெரிஞ்ச மாத்திரையை நான் கைக்குக் கொடுத்தேன். ரெண்டு பேரும் பண்ணினது ஒண்ணுதான்.

12) திருப்பம் எங்க வந்தது? 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தெரியும் இல்லையா? பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொடுக்கிறதுதான் எல்லாருக்கும் தெரியும். அதுல வீட்டுக்கே வர்ற இயன்முறை சிகிச்சையும் உண்டு. அந்தக் குழுவுல இருந்த பிசியோதெரபிஸ்ட் தங்கச்சிகிட்ட அக்காவைப் பத்திச் சொன்னேன். "மேம், ஒரு நாள் நீங்களும் வாங்களேன்"னு கூப்பிட்டாங்க.

13) போனேன். தகர ஷீட்டு போட்ட சின்ன வீடு. வாசல்ல காப்பிக்கொட்டை காயுது. முதல் வேலையா அந்தப் பொண்ணு டேப் எடுத்து ரெண்டு கையையும் அளந்தாங்க. மணிக்கட்டுல இருந்து 15 சென்டிமீட்டர் மேல இடது கை சுற்றளவு வலது கையை விட நாலரை சென்டிமீட்டர் அதிகம். ரெண்டு சென்டிமீட்டர் வித்தியாசமே கவனிக்க வேண்டிய வீக்கம்தான். இத்தனை நாளா நான் ஒரு தடவை கூட அளக்கல.

14) அப்புறம் மசாஜ். எண்ணெய் இல்ல. கையைத் தொடவே இல்ல! கழுத்துல ஆரம்பிச்சாங்க. காறை எலும்புக்கு மேல இருக்கிற குழியில ரெண்டு பக்கமும் விரல் நுனியை வெச்சு, தோல் மட்டும் லேசா நகர்ற மாதிரி மெதுவா ஒரு வட்டம். விடுறாங்க. மறுபடி. அப்புறம் வலது அக்குள். அப்புறம் இடது தொடையிடுக்கு. நான் மனசுக்குள்ள, "வீங்கினது இடது கை. இந்தப் பொண்ணு எங்கே தடவுது?"

15) கேட்டே விட்டேன். அவங்க சொன்ன பதில்:

"மேம், சேலம் பஸ்ஸ்டாண்டுல நம்ம பஸ் நிக்குதுன்னு வைங்க. ஒரே ஒரு முன்படிக்கட்டு. பின்சீட்டுல இருக்கிறவர் எவ்வளவு தள்ளினாலும் நடுவுல இருக்கிறவங்க நசுங்கத்தான் செய்வாங்க. படிக்கட்டுகிட்ட நிக்கிறவங்க முதல்ல இறங்கணும்."

16) நிணநீர் எல்லாம் கடைசியா ரத்தத்துல கலக்கிற இடம் கழுத்தோட அடியில, காறை எலும்புக்குப் பின்னாடி இருக்கு. அதுதான் படிக்கட்டு. அதனால முதல்ல அங்கே. இடது அக்குள் பாதை அடைச்சிருக்கிறதால, நல்லா இருக்கிற வலது அக்குளையும் இடது தொடையிடுக்கையும் தயார் பண்றாங்க. அப்புறம் மார்பு வழியா வலது பக்கமா, விலா வழியா கீழ்ப்பக்கமா நீவி மாற்றுப் பாதை காட்டுறாங்க. அதுக்கப்புறம்தான் கை. அதுலயும் முதல்ல மேல்கை, பிறகு முழங்கை, பிறகு முன்கை, கடைசியா விரல்கள். இடம்தான் மேலேயிருந்து கீழே வருது. ஆனா ஒவ்வொரு நீவலும் தோள் பக்கமாவேதான்.

17) ஏன் இவ்வளவு லேசா? நிணநீரைத் தொடக்கத்துல அள்ளுற நுண்குழாய்கள் தோலுக்குக் கீழேயே இருக்கு. மெல்லிசு. தோல் லேசா இழுபடும்போது அதோட வாய் திறக்கும். சதை வரைக்கும் அழுத்தினா அது நசுங்கும். போதாததுக்கு, அழுத்தமான தேய்ப்பும் சூடும் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், கசிவும் கூடும். வடிகால் அடைச்ச இடத்துல குழாயைத் திறந்து விட்ட கதைதான்.

18) நம்ம தமிழ்ல மசாஜுக்கு எத்தனை சொல் இருக்கு பாருங்க. அமுக்கு, பிடி, பிசை, உருவு, தேய், நீவு, வருடு. இந்த வீக்கத்துக்குக் கடைசி ரெண்டு மட்டும்தான். அக்கா பார்த்துக்கிட்டே இருந்துட்டு கேட்டாங்க: "பேரப்புள்ளைக்குக் குளிக்க ஊத்தினதும் நெத்தியை நீவுவேனே, அந்த மாதிரியா கண்ணு?" ஆமா அக்கா, அதே மாதிரிதான். அதுக்கப்புறம் அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல.

19) இந்த முறையைக் கண்டுபிடிச்சது டாக்டர் இல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர்னு ஒரு தம்பதி. 1930-கள்ல பிரான்ஸ்ல வேலை பார்த்தப்ப, தீராத சளியோட வந்தவங்க கழுத்து நெறி வீங்கியிருக்கிறதைக் கவனிச்சு, மெதுவா நீவிப் பார்த்தாங்க. நெறிகளைத் தொடவே கூடாதுன்னு மருத்துவர்கள் நினைச்ச காலம் அது. 1936-ல் பாரீஸ்ல இதைப் பொதுவுல காட்டினாங்க. பின்னாடி ஜெர்மனியில மருத்துவர் மிக்கேல் ஃபோல்டி இதோட கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூணையும் சேர்த்து ஒரே சிகிச்சையா ஆக்கினார்.

20) இந்த நாலும் சேர்ந்ததுதான் சிகிச்சை. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா "லிம்பாட்டிக் மசாஜ்"னு தனியா விக்கிற விளம்பரங்கள் இப்ப ரொம்ப. மார்பகப் புற்றுநோய்க்கு அப்புறம் வர்ற கை வீக்கத்தைப் பத்தி 2015-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 6 ஆய்வுகளைப் பார்த்தது. கட்டு மட்டும் போட்டவங்களுக்கே கூடுதல் வீக்கத்துல 30 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. மசாஜையும் சேர்த்தப்ப கூட ஒரு 7 சதவீதம் குறைஞ்சது. மசாஜ் பாதுகாப்பானது, உதவும். ஆனா பாரத்தை இழுக்கிறது கட்டுதான். மசாஜ் பண்ணிட்டுக் கட்டு போடாம விட்டா, வீக்கம் திரும்ப வந்துடும்.

21) கட்டுன்னா கடையில கிடைக்கிற சாதாரண கிரேப் பேண்டேஜை நீங்களே இறுக்கிச் சுத்துறது இல்ல. அது ரத்த ஓட்டத்தையே நிறுத்திடும். உள்ளே மெத்தை மாதிரி பஞ்சு, மேல அதிகம் நீளாத தனி வகைத் துணி, விரல்ல ஆரம்பிச்சு மேலே போகப் போக இறுக்கம் குறையணும். தெரிஞ்சவங்க போடணும். அந்தத் துணிக்கு நானும் பிசியோ தங்கச்சியும் ரெண்டு வாரம் அலைஞ்சோம். மசாஜ் இலவசம், கத்துக்கலாம். கட்டும் கை உறையும்தான் ஏழைக்கு எட்ட மாட்டேங்குது.

22) மூணு வாரம். தினமும் 20 நிமிஷம் நீவல், கட்டு, கட்டோடயே விரலை மடக்கி விரிக்கிற பயிற்சி, ஆழமா மூச்சு. மறுபடி அளந்தோம். நாலரை சென்டிமீட்டர் வித்தியாசம் ரெண்டே கால் ஆயிருந்தது. பூஜ்யம் ஆகல, ஆகவும் ஆகாது. இது முழுசா குணமாகிற நோய் இல்ல, கட்டுக்குள்ள வெச்சுக்கிற நோய். அன்னிக்கு அக்கா எதுவும் பேசல. உள்ளே போய்ப் பழைய வளையலை எடுத்துட்டு வந்து போட்டுப் பார்த்தாங்க. முட்டி வரை வந்து நின்னுச்சு. "பரவால்ல, வரும்"னாங்க.

23) அப்புறம் கேட்டாங்க: "டாக்டரம்மா, நான் வேலைக்குப் போலாமா?"

நான் எழுதின அந்த ஒரு வரி! வீட்டுக்குப் போய்ப் படிச்சேன். 2009-ல் வந்த ஒரு ஆய்வு. கை வீக்கம் இருக்கிற 141 பெண்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் ரெண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமா எடையைக் கூட்டி, மேற்பார்வையோட பளு தூக்கும் பயிற்சி. அவங்களுக்கு வீக்கம் கூடல. வீக்கம் திடீர்னு மோசமாகிறதும் அவங்களுக்குத்தான் குறைவா இருந்தது. சதை அசையும்போது நிணநீர் ஓடுது, அதுக்குத் தனியா இருதயம் இல்ல பாருங்க. "கையை அசைக்காதே"ன்னு நாம காலங்காலமா சொன்னது தப்பு.

24) அடுத்த வாரம் புது சீட்டு எழுதினேன். "கை உறை போட்டுக்கிட்டு வேலை செய்யலாம். எடையைப் படிப்படியாக் கூட்டவும். இடையில் ஓய்வு தேவை." மேஸ்திரிகிட்ட நானே பேசினேன். சாயங்காலம் எடை போடுற இடத்துக்கு மூட்டையை ஒரே தூக்கா தூக்காம, ரெண்டு சின்ன மூட்டையா கொண்டு போக ஒத்துக்கிட்டார். கை உறையை மகன் வாங்கிக் கொடுத்தார். ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு ஒண்ணு மாத்தணும், இறுக்கம் போயிடும்.

25) கதை இங்கே முடியல. மார்கழியில, காப்பிப்பழம் எடுக்கிற சீசன் உச்சத்துல, மிளகுக் கொடிப் பக்கத்துல ஏதோ முள் கீறியிருக்கு. மறுநாள் காலையில கை சிவந்து, சுட்டு, குளிர் காய்ச்சல். வீட்டுல எல்லாரும், "நீவி விடு, கட்டு போடு"ன்னு சொல்லியிருக்காங்க. அக்கா, "இல்ல, சூடு இருந்தா தொடக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு"ன்னு கட்டைப் பிரிச்சுட்டு முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாங்க.

26) தோலுக்கடியில நோய்த்தொற்று, செல்லுலைட்டிஸ். நிணநீர் வடியாத கையில இது வேகமாப் பரவும், ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. அட்மிட் பண்ணி நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக் போட்டோம். நாலாம் நாள் வீட்டுக்குப் போனாங்க. ஒரு நாள் தள்ளி வந்திருந்தா இந்த த்ரெட்டை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன், இல்ல எழுதியே இருக்க மாட்டேன். எப்ப மசாஜ் பண்ணக் கூடாதுங்கிறதும் அந்த மசாஜ் பாடத்துல ஒரு பகுதி.

27) அதனால, இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. வீக்கத்தைத் தொடாம உடனே டாக்டர்கிட்ட போக வேண்டிய நேரங்கள்:

• சிவந்து, சூடா, வலியோட, காய்ச்சலோட வீங்கினா
• ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி கெண்டைக்கால் வலிச்சா (ரத்தக்கட்டியா இருக்கலாம், நீவினா நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்)
• ரெண்டு காலும் வீங்கி, மூச்சு வாங்கினா, படுக்க முடியலைன்னா (இருதயம்)
• காலையில முகம், கண் இமை வீங்கினா, சிறுநீர் குறைஞ்சா (சிறுநீரகம்)
• கர்ப்பிணிக்கு முகம் கை வீங்கி, தலைவலி, கண் மங்கல் இருந்தா (பி.பி. ஏறியிருக்கலாம், அவசரம்)
• புற்றுநோய் சிகிச்சை எடுத்த பக்கம் புதுசா வீங்கினா

28) பி.பி.-க்கு அம்லோடிபின் சாப்பிடறவங்களுக்குக் கணுக்கால் வீங்கலாம். அதுக்கு மசாஜும் வேணாம், மாத்திரையை நீங்களா நிறுத்தவும் வேணாம். டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திக் கொடுப்பாங்க.

29) சமவெளியில இருக்கிறவங்க "எங்க பாட்டிக்கு யானைக்கால், அதுக்கு?"ன்னு கேட்பீங்க. அதுவும் நிணநீர் வீக்கம்தான், காரணம் மட்டும் வேற. கொசு கடிச்சு உள்ளே போற ஃபைலேரியா புழு குழாய்களைக் கெடுத்துடும். 1955-ல் இருந்து நாடு அதோட போராடிக்கிட்டு இருக்கு. மாத்திரை பரவலைத் தடுக்கும், வீங்கின காலை மெலிய வைக்காது. காலுக்கு முக்கியம்: தினமும் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைக்கிறது, புண்ணுக்கு உடனே மருந்து, செருப்பு, கணுக்காலை அசைக்கிறது, உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கிறது. கேரளாவுல காசர்கோட்டுல இருக்கிற அப்ளைடு டெர்மடாலஜி நிறுவனம் தோல் பராமரிப்பு, நீவல், யோகா, கட்டு எல்லாத்தையும் சேர்த்து யானைக்காலுக்கே சிகிச்சை கொடுக்குது. "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

30) அக்குள் நெறி எடுத்த அம்மா, அக்கா, அத்தை யாராவது உங்க வீட்டுல இருந்தா, இன்னிக்கே நாலு விஷயம் பண்ணுங்க. ரெண்டு கையையும் டேப்ல அளந்து எழுதி வைங்க, மாசம் ஒரு தடவை ஒப்பிடுங்க. கைத் தோல் வறண்டு வெடிக்காம பார்த்துக்கோங்க, காட்டு வேலைன்னா கையுறை போடச் சொல்லுங்க. கையை அசைக்கச் சொல்லுங்க. வீக்கம் தெரிஞ்சா, பெரிய அரசு மருத்துவமனையில பிசியோதெரபி பிரிவு இருக்கும், போய்க் கேளுங்க. மசாஜை வீடியோ பார்த்துக் கத்துக்காதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை நேர்ல கத்துக்கோங்க. அப்புறம் வாழ்நாள் பூரா வீட்டுலயே பண்ணலாம்.

31) போன வாரம் வெள்ளக்கடை பக்கம் போனப்ப அக்காவைப் பார்த்தேன். கை உறைக்கு மேல பழைய சட்டையைப் போட்டுக்கிட்டு, இடுப்புல பை கட்டி, பழம் பறிச்சுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்து வரிசையில வேற ஒரு அம்மா, அவங்களுக்கும் அதே ஆபரேஷனாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அக்கா அவங்களை உட்கார வெச்சுக் கழுத்துல விரலை வெச்சுச் சொல்லிக் கொடுக்கிறாங்க. அந்தம்மா கேட்கிறாங்க: "வீங்கினது கை, நீ எங்கடி தடவுற?"

32) அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. "டாக்டரம்மாவும் இதேதான் கேட்டாங்க"ன்னு சொல்லிட்டு, பஸ் கதையை ஆரம்பிச்சாங்க.

நீங்களும் இதைத் தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிஞ்சதும் பதில் சொல்றேன்.


சேர்வராயன் மலையிலிருந்து ஒரு அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.